மூலை கடிபட்ட பச்சை அட்டை

ஏப்ரல் பிறந்ததிலிருந்து நேத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தாள். வாசலில் நின்றால் அரை மைல் தள்ளி ஆறு தெரியும். நவம்பரில் உறைந்த ஆறு இன்னும் வெள்ளையாகத்தான் கிடந்தது. ஆனால் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓட ஆரம்பித்திருந்தது. அது நேற்றைவிட இன்றைக்கு அகலமோ என்று ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தோன்றியது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம் வேறு. அந்தச் சத்தத்துக்காகக் குளிர்காலம் முழுக்க ஏங்குகிற பெண்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. நேத்தா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அக்கரையில் ஒரு கடை, ஒரு தபால் அறை, செவிலி மிஸ் பென்ரோஸின் வீடு. இக்கரையில் காட்டை வெட்டிக் குடியேறிய மெனோனைட் என்கிற கிறிஸ்தவ சபை ஜனங்களாகிய நாங்கள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இரண்டு மைல் இடைவெளியில். ஆற்றுக்குப் பாலம் கிடையாது. குளிர்காலத்தில் பனிமேலேயே வண்டி ஓட்டிப் போகலாம். கோடையில் தெப்பம் உண்டு. பனி உடைகிற ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரைக்கும் அக்கரை என்பது பரலோகத்தைப் போலத்தான். இருக்கிறதென்று தெரியும், உயிரோடு போக முடியாது. நேத்தாவின் பிரசவக் கணக்கோ சரியாக ஏப்ரல் கடைசியில் வந்து நின்றது.

"பனி தாங்கும்போதே என்னை அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டுடுங்க" என்று புருஷனிடம் கேட்டாள். "மிஸ் பென்ரோஸ் ஒரு கட்டில் கொடுப்பாங்க. நான் சும்மா கிடந்து சாப்பிட மாட்டேன், அவங்களுக்குத் துணி துவைச்சுப் போடுவேன்."

கெர்ஹார்ட் பெரிய உடம்புக்காரன். குரல் மட்டும் எப்போதும் தாழ்ந்தே வரும். "பாக்கலாம்" என்றான்.

"என்னத்தப் பாக்கிறது? ஆத்தையா?"

"கர்த்தர் என்ன சொல்றாருன்னு பாக்கலாம்."

கர்த்தர் சொல்வது ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. கெர்ஹார்டின் அப்பா ருஷ்யாவில் வாங்கிய பெட்டி அது. உள்ளே விரல் நீளத்தில் இருநூறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் ஒருவர் கண்ணை மூடி ஒரு அட்டையை எடுப்பார், குடும்பத் தலைவன் வாசிப்பான். அன்றைய நடப்புக்கு அதுதான் உத்தரவு. எங்களில் பல வீடுகளில் இது உண்டு. நேத்தாவும் இதை நம்பித்தான் வளர்ந்தாள். பதினெட்டு வயதில் அவள் ருஷ்யாவை விட்டதும் இதே பெட்டி சொல்லித்தான். அப்போது இரண்டு குடும்பமும் ஒரே தெரு. கெர்ஹார்டின் அப்பா 'எழுந்து புறப்படு' என்று பொருள்படுகிற ஓர் அட்டையை எடுத்தார், தெருவே மூட்டை கட்டியது. பச்சை ஓரம் போட்ட அட்டை அது. பல் முளைத்த வயதில் கெர்ஹார்ட் கடித்து, ஒரு மூலையில் பல் தடம் விழுந்திருந்தது. எட்டு வருஷம் கழித்து, கனடாவின் சமவெளியில் மழையில்லாமல் மண் பறந்த சமயத்திலும் அதே அட்டைதான் வந்தது. மறுபடியும் மூட்டை, மறுபடியும் வடக்கே இந்தக் காட்டுக்கு. அதற்குள் கெர்ஹார்டோடு கல்யாணமாகியிருந்த நேத்தா, லேனாவை இடுப்பிலும் ஃபிரான்ஸை வயிற்றிலும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாள். பாசி அடைத்த மரச்சுவர், மண் கூரை, வெட்ட வெட்டத் தீராத மரம், பொறுக்கப் பொறுக்க முளைக்கிற கல். இதுவரை அவள் எங்கே போக வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்டது கிடையாது. பெட்டியிடம் கேட்டார்கள்.

போன வருஷ ஏப்ரலிலும் பெட்டியிடம்தான் கேட்டார்கள். மூன்றாவது குழந்தை சாராவுக்கு அப்போது ஆறு மாதம். இருமல் வந்து மார்புக்கூடு உள்ளிழுத்தது. மிஸ் பென்ரோஸிடம் போகலாமா என்று கெர்ஹார்ட் கூடத்தில் அட்டை எடுக்க வைத்தான். நேத்தா உள்ளறையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவன் வந்து வாசலில் நின்று, "பொறுத்திருன்னு வந்திருக்கு" என்றான். பொறுத்திருந்தார்கள். அன்று மாலையே தபால்காரன் நாய்வண்டியோடு ஆற்றைக் கடந்து வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று நாள் கழித்துத்தான் பனி உடைந்தது. ஒன்பதாம் நாள் சாரா போய்விட்டாள்.

அன்றிலிருந்து நேத்தா ஜெபத்தில் கண்ணை மூடுவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

இப்போது மறுபடியும் பெட்டி. திங்கட்கிழமை திராட்சைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வசனம் வந்தது. கெர்ஹார்டின் தங்கை யுஸ்டீனா சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது, கல்யாணமாகவில்லை, நாக்குக்குப் பயந்தே யாரும் பெண் கேட்டு வரவில்லை என்பார்கள்.

"திராட்சைத் தோட்டமா? நிலவறையில உருளைக்கிழங்கே உறைஞ்சு கிடக்கு. விலாசம் மாறி வந்திருச்சு போல அண்ணா."

"வாயை மூடு."

செவ்வாய்க்கிழமை கெம்பீரமாய்ப் பாடச் சொல்லி வந்தது. புதன்கிழமை பகைவனுக்குப் பசித்தால் சோறு போடச் சொல்லி வந்தது.

"பகைவன் யாரு? போன வாரம் நம்ம கோழியைத் தூக்கினதே நரி, அதுவா?" என்றாள் யுஸ்டீனா. "அண்ணி, நரிக்கு ஒரு தட்டு வைங்க."

நேத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கூரை சொட்டுது. காதுல விழலையா உங்களுக்கு?" என்றாள் புருஷனிடம். அவன் பசுக்களைப் பார்க்க எழுந்து போனான். ஏதாவது கேட்டால் பசு நினைவு வந்துவிடும் அவனுக்கு.

அன்று பகலில் அவன் காட்டுக்கு விறகு வெட்டப் போனதும் நேத்தா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழுப்புவானேன், திருட்டு வேலைக்குத்தான் உட்கார்ந்தாள். பச்சை அட்டையைத் தேடி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட வேண்டும். காலையில் தானே கையை விட்டு எடுக்க வேண்டும். கர்த்தரின் பெட்டியில் கைவைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை. இருநூறையும் மேஜைமேல் கொட்டித் தேடினாள். இல்லை. எண்ணிப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தது.

"லேனா! பெட்டியை எடுத்து விளையாடினியா?"

ஏழு வயது லேனா பயந்துபோய் வந்தாள். "இல்லம்மா."

"பல் கடிச்ச பச்சை அட்டை எங்கடி?"

லேனா சுவரைப் பார்த்தாள். அங்கே ருஷ்யாவிலிருந்து வந்த ஊசல் கடிகாரம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் சங்கிலியை இழுத்துவிடுகிற வேலை கெர்ஹார்டுடையது, வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

"அதுக்குப் பின்னால இருக்கு. அப்பாதான் வச்சாரு. சொல்லக் கூடாதுன்னாரு."

"எப்போ?"

"சாராவுக்கு இருமல் வந்தப்போ. நான்தான் அதை எடுத்தேன். அப்பா வாசிச்சிட்டு, வேற ஒண்ணு எடுன்னாரு. வேற எடுத்தேன்."

நேத்தா நாற்காலிமேல் ஏறினாள். அந்த வயிற்றோடு எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கடிகாரத் தட்டுக்குப் பின்னால் விரலை விட்டாள். தூசியோடு அட்டை வந்தது. எழுந்து புறப்படு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அது அவள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் திரும்பி வரும்போது அடுப்பிலிருக்கும் பானையை அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் சாயங்காலம் அவன் வந்தபோது பீட்ரூட் சூப்பை ஊற்றி வைத்தாள். அட்டை பெட்டிக்குள் மேலே இருந்தது.

காலையில், "இன்னிக்கு நான் எடுக்கிறேன்" என்றாள். கண்ணை மூடவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை விட்டு எடுத்து நீட்டினாள்.

கெர்ஹார்ட் வாங்கினான். பச்சை ஓரத்தைப் பார்த்தான், தன் பல் தடத்தைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். ஃபிரான்ஸ் ரொட்டிக்குக் கையை நீட்ட, யுஸ்டீனா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வேற ஒண்ணு எடு என்று சொல்வானோ என்று நேத்தா காத்திருந்தாள். சொன்னால் என்ன செய்வது என்றும் முடிவு செய்திருந்தாள், தனியாக நடந்தே ஆற்றைக் கடப்பது என்று.

அவன் அட்டையை வாசித்தான். பாதியில் நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து வாசித்தான். "குதிரையைப் பூட்டுறேன்" என்று எழுந்தான்.

"அப்பாடா, விலாசம் சரியா வந்திருச்சு" என்றாள் யுஸ்டீனா. யாரும் அவளைத் திட்டவில்லை.

பிள்ளைகளை யுஸ்டீனாவிடம் விட்டுவிட்டுச் சறுக்கு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிளம்பினார்கள். ஆற்றில் பனிக்கு மேலேயே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கெர்ஹார்ட் குதிரைக்கு முன்னால் நடந்து, பத்தடிக்கு ஒரு முறை கோடாலியால் தட்டிப் பார்த்துக்கொண்டு போனான். நடு ஆறு வரைக்கும் நேத்தா வாயைத் திறக்கவில்லை. நடு ஆற்றில் அவனுக்குப் பசுவைப் பார்க்க ஓட வழியில்லை.

"லேனா சொல்லிட்டா" என்றாள்.

அவன் திரும்பவில்லை. "தெரியும்."

"ஏன் அப்படிப் பண்ணினீங்க?"

"பனி கறுத்துப் போயிருந்துச்சு நேத்தா. அன்னிக்கு விடியக்காலையில வந்து ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன், தண்ணி பீறிட்டுது. உன்னையும் பிள்ளைங்களையும் அதுமேல ஏத்த எனக்கு மனசு வரல. பயந்துட்டேன்."

"பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல." அவள் குரல் உடைந்தது. "பயமா இருக்குன்னு என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்போம். நானே வேணாம்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். நீங்க அதைக் கொண்டுபோய்க் கர்த்தர் தலையில போட்டுட்டீங்க. ஒரு வருஷமா நான் அவரோட பேசல. என் பிள்ளையைக் கொன்னவர்னு அவரைத் திட்டாத நாள் இல்ல. அவரு பாவம், போன்னுதான் சொல்லியிருக்காரு."

கெர்ஹார்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அந்தக் குளிரில் எல்லார் மூக்கும் ஒழுகும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கோடாலியால் தட்டினான், குதிரையை இழுத்தான், நடந்தான்.

அக்கரையில் மிஸ் பென்ரோஸ் வீட்டு வாசலில் அவளை இறக்கி, மூட்டையை எடுத்துக் கொடுத்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிவப்புக் கம்பளியை அதன்மேல் வைத்தான்.

"பிள்ளை பிறந்து ரெண்டு பேரும் சுகமா இருந்தா, இதைக் கொடியில போடு. நம்ம கரையிலிருந்து பார்த்தா தெரியும். நான் தினமும் வந்து பார்ப்பேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் சாம்பல் கோட்டைத் தாண்டித் திரும்பிப் போகிறவரைக்கும் நின்று பார்த்தாள், அது வேறு விஷயம்.

ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி ஆறு உடைந்தது. வீடளவு பனிக்கட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இரவும் பகலும் ஓடின. இருபத்தெட்டாம் தேதி விடிகிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனம், நல்ல குரல். மிஸ் பென்ரோஸ் கம்பளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"வேண்டாம்" என்றாள் நேத்தா.

"ஏன்?"

"மூணு நாள் போகட்டும்."

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். இன்னும் தெரிந்திருந்தாலும் விளக்கியிருக்க மாட்டாள். மூன்று நாள் பொறுத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த மனிதனுக்கும் தெரியட்டும்.

கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக அக்கரை தெரிந்தது. இப்போது அவளுக்கு அக்கரை என்பது தன் வீட்டுப் பக்கம். கரைமேட்டில் ஒரு கரும்புள்ளி. வெளிச்சம் வந்தபோதே அங்கே இருந்தது. எட்டு மணிக்கும் இருந்தது. பசுக்கள் கன்று போடுகிற வாரம், அப்படியும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. புள்ளி கொஞ்சம் நடந்தது, திரும்பியது, நின்றது. நில்லு, நல்லா நில்லு என்று நேத்தா வாய்விட்டே சொன்னாள்.

ஒன்பது மணிக்குமேல் புள்ளி கரையிலிருந்து இறங்கித் தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்தது. பனிக்கட்டி மோதித் தெறிக்கிற இடம் அது. மேலே ஏறியது, மறுபடி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அவனுடைய பூட்ஸ் நினைவு வந்தது. போன ஏப்ரலில் அந்த மூன்று நாளும் அடுப்படியில் அவை முழங்கால்வரை நனைந்து கிடந்தன. பசுவைப் பார்க்கப் போனவனுக்குப் பூட்ஸ் ஏன் நனைகிறது என்று அவள் அப்போது கேட்கவில்லை. மணிக்கொருதரம் அவன் ஆற்றில் இறங்கிக் கோடாலியால் தட்டியிருக்கிறான். பனி தாங்குமா, தாங்குமா என்று.

நேத்தா எழுந்தாள். மிஸ் பென்ரோஸ் ஏதோ கத்தினாள். கால் வழியே இரத்தம் வழிந்தது, அதைக் கவனிக்கவில்லை. கம்பளியை இழுத்துக்கொண்டு போய், தானே கொடியில் போட்டு, நான்கு மூலையையும் விரித்துவிட்டாள்.

அக்கரையில் புள்ளி அசையவில்லை. பிறகு பாதியாகக் குட்டையானது. உட்கார்ந்தானோ, முழங்கால் போட்டானோ, அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை. நெடுநேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து வீட்டுப் பக்கம் ஓடியது.

மூன்று நாள் என்று சொன்னவளுக்கு அரை நாள்கூடத் தாங்கவில்லை. திட்டிக்கொண்டே வந்த மிஸ் பென்ரோஸ் அவளைக் கட்டிலில் படுக்கவைத்துப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டாள். நேத்தா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அப்புறம், ஒரு வருஷத்துக்குப் பிறகு, வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரே, நீர் போகத்தான் சொன்னீர்னு எனக்கு யாரும் சொல்லலையே."