ஜிபார் அண்ணி படித்த ஆங்கிலம்

எங்கள் ஜிபார் அண்ணியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கோச்கோர் என்ற இந்த மலையூரில் பார்த்ததே இல்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் இருபத்தாறு வயது வரை திருப்பி அனுப்பியவள். ஆனாலும் அண்ணிக்கு முன்னால் நான் எம்மாத்திரம்!

அண்ணன் மாஸ்கோவில் கட்டட வேலை பார்த்தான். அந்த செப்டம்பரில் போன் செய்து, "வர்ற மே மாசத்துக்குள்ள அங்க உனக்கு ஒரு வேலை அமையலைன்னா நீயும் கிளம்பி இங்க வந்துடு ஜிபார். பொண்ணுங்களை அம்மா பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டான். அப்படி அப்பா அம்மா விட்டுப் போன பிள்ளைகள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று உண்டு. அண்ணியின் பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. அண்ணி அழவில்லை. மறுநாள் சந்தைக்குப் போய், அட்டை கிழிந்த ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெளிநாட்டுக்காரர்களைக் குதிரையில் ஏற்றி சோன்-குல் ஏரிக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. எங்கள் அப்பாவும் அதில்தான் குதிரையோடு வழிகாட்டியாகப் போகிறார். போன் எடுத்துப் பேச, ஆங்கிலம் தெரிந்த பெண் ஒருத்தி மே மாதத்திலிருந்து வேண்டும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அண்ணிக்குத் தெரிந்ததோ பள்ளிக்கூடத்தில் படித்துப் பாதி மறந்த ஆங்கிலம்.

புத்தகத்தில் நாற்பது பாடம். ஒவ்வொன்றிலும் முதலில் கொஞ்சம் இலக்கணம், அப்புறம் கோடிட்ட இடங்கள், அப்புறம் படிக்க ஒரு பக்கம். கடையில், டாக்டரிடம், பஸ் நிலையத்தில், இன்றைய வானிலை என்று எல்லாம் அன்றாடச் சமாசாரம். கடைசியில் இருபது கேள்வி. விடைப் பக்கங்களைக் கிழித்து என் கையில் கொடுத்து, "நான் காலில் விழுந்து கேட்டாலும் தராதே" என்றாள். சிவப்புப் பென்சிலால் திருத்துவது என் வேலை. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

"இருபதுக்கு ஏழு தப்பு அண்ணி. இந்த லட்சணத்துல வெள்ளைக்காரனை ஏரிக்கு அனுப்பினா அவன் சீனா போய்ச் சேருவான்."

"பேசாம திருத்து. ஏழையும் பத்துப் பத்துத் தடவை எழுதிடுறேன்."

எழுதினாள். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, நேற்று என்ன செய்தாள், நாளை என்ன செய்வாள் என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். பால் கறக்கும்போது பசுவுக்கு டாக்டர் பாடத்தை வாசித்துக் காட்டினாள்.

"அதுக்கு என்ன புரியும்னு வாசிக்கிறே?" என்று கேட்டேன்.

"அதுக்குப் புரியாது. ஆனா உன்னை மாதிரி கிண்டல் பண்ணாது" என்றாள்.

பனி உருகுவதற்குள் நாற்பது பாடத்தையும் இரண்டு முறை முடித்துவிட்டாள். இரண்டாவது சுற்றில் என் பென்சிலுக்கு வேலையே இல்லை. குடும்பம் பற்றிய பாடத்தில் மட்டும் ஒரு கோடு காலியாகவே கிடந்தது. மாமனார் பெயரை எழுத வேண்டிய கோடு அது. எங்களில் எந்த மருமகளும் மாமனார் பெயரைச் சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். அதனால் அதை விட்டுவிட்டுப் போனது அவளுக்கும் தப்பாகப் படவில்லை, திருத்திய எனக்கும் படவில்லை.

மே மாதம் ஆபீஸ் வைத்த பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். ஆபீஸ் தலைவி தமாரா அக்கா தாளை வாங்கித் திருத்தி, "பரவாயில்லையே, நரின் டவுன்லேருந்து வந்த பொண்ணைவிட ரெண்டு மார்க் அதிகம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது போன். தமாரா அக்கா பக்கத்து அறையிலிருந்து வெளிநாட்டுக்காரி போலக் கூப்பிடுவார், அண்ணி நாளைய பயணப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குப் புறப்பாடு, மழை வருமா, சைவச் சாப்பாடு உண்டா என்று கேள்விகள் வந்தன. அண்ணி பொளந்து கட்டினாள்.

"எங்க வழிகாட்டி யாரு?"

அண்ணி பட்டியலைப் பார்த்தாள். "நல்ல மனுஷர். வயசானவர். வெள்ளை மீசை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அவர் பேரு என்ன?"

அண்ணி போனைக் கீழே வைத்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். பட்டியலில் இருந்தது எங்கள் அப்பா பெயர்.

தமாரா அக்காவுக்கு விஷயம் புரிந்தது. அவரும் ஒரு வீட்டு மருமகள்தானே. ஆனாலும் விடவில்லை. "மலையில பனிமூட்டம் இறங்கினா ரேடியோல பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். வெள்ளை மீசையேன்னா கூப்பிடுவே? நாளைக்குக் காலையில வா. சொல்ல முடிஞ்சா வேலை உனக்கு. முடியலைன்னா நரின் பொண்ணுக்கு."

வீட்டுக்கு வந்ததும் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருஷமாச்சு, என் மாமனார் பேரு என் வாயில வந்ததில்லை. அவர் செத்தும் வந்ததில்லை."

"அப்போ பிள்ளைங்களை நீங்களே வளத்துக்குங்க! ராத்திரி அம்மா வேணும்னு அழுதா உங்க சம்பிரதாயத்தைக் காட்டித் தூங்க வைங்க!" என்று கத்தினேன். பிறகு அப்பாவிடம் திரும்பினேன். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன் அப்பா. சொல்லிக்கோ மருமகளேன்னு சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

அப்பா எழுந்து குதிரைகளுக்குப் புல் போடப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேநீர் கொதிக்கும் சமோவாரைத் தூக்கி எறிந்திருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக நீ கெஞ்சாதே அய்னாஷ். நான் யார்கிட்டயும் அனுமதி கேக்கப் போறதில்லை."

மறுநாள் காலை எல்லோரும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தோம். அண்ணி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். தினமும் செய்வதுபோல் குனிந்து வணங்கி நிமிர்ந்தாள். பிறகு ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னாள். "என் மாமனார் பெயர், ஜூமாதில்."

அதில் அப்பாவுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான், அவர் பெயர். அம்மா கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து தேநீர் விரிப்பெல்லாம் ஓடியது. யாரும் துடைக்கவில்லை.

"இன்னிக்கு ஆபீஸ்ல இதைச் சொல்லப் போறேன் மாமா" என்றாள் அண்ணி. "உங்க முதுகுக்குப் பின்னால யாரோ ஒருத்தர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்க முகத்துக்கு நேரா சொல்லிடணும்னு தோணிச்சு. கோவம்னா திட்டுங்க. வாங்கிக்கிறேன். ஆனா பொண்ணுங்களை விட்டுட்டுப் போகமாட்டேன்."

அப்பா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். இடி விழப்போகிறது என்று நான் சின்னவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பிள்ளைங்க அப்பாங்கிறாங்க, நீ மாமாங்கிறே. உன் அத்தை ஏங்கங்கிறா" என்றார் அப்பா. "எங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள என் பேரை நான் கேட்டதே இல்லம்மா. பதினெட்டு வருஷம் ஆகுது. இன்னொரு தடவை சொல்லு, கேக்கலாம்."

அண்ணி சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அழாதவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அம்மாவும் அழுதார். நான் மட்டும் கல்லா என்ன?

ஒன்பது மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. பக்கத்து அறையில் தமாரா அக்கா கேட்டு முடிப்பதற்குள் அண்ணி பெயரைச் சொல்லிவிட்டாள். கதவுக்கு வெளியே நின்றிருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். அண்ணி இரண்டு பெண்களையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"நான் வரலை" என்றாள். "எனக்கு இங்கேயே வேலை கிடைச்சிடுச்சு."