சுடலைமுத்து பெயின்டர் எழுதிய வீட்டு எண்

பாண்டுப் ஸ்டேஷனில் இறங்கி ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். "அக்கா, தாத்தா போயிட்டாரு. டீயக் குடிச்சிட்டு செவத்துல சாஞ்சவருதான்." அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு, வீட்டு விசாரணைக்கு இனி யார் போவது என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

மும்பை தாராவியில் எங்கள் சந்தில் தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பெயின்டர் என்றால் அவர்தான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனை மாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தார் என்பது அவருக்கே தெரியாது. பழைய பூச்சைச் சுரண்டாமல் பிரஷ்ஷைத் தொடமாட்டார். ஒருமுறை மாட்டுங்காவில் ஒரு வீட்டம்மா, அலமாரிக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள், விட்டுவிடுங்கள் என்றாராம். "நான் பாத்துட்டம்லா" என்று சொல்லி அலமாரியைத் தனியாளாக நகர்த்தி அடித்துவிட்டு வந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தார். இன்றும் யாராவது தேவையில்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டால் எங்கள் வீட்டில் 'அலமாரியை நகர்த்தாதே' என்றுதான் கிண்டல் செய்வோம்.

சென்ற மார்கழியில் கணக்கெடுக்க வந்தார்கள். எங்கள் பகுதியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால் இங்கேயே வீடு, வராவிட்டால் ஊருக்கு வெளியே எங்கோ. வந்தவர்கள் ஒவ்வொரு வாசலிலும் சிவப்பு மையில் ஓர் எண்ணைக் கிறுக்கினார்கள். அளக்க ஆள் வரும்வரை அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது தாத்தாவின் வழக்கம். எழுபத்தெட்டு வயதிலும் வேறு யாரிடமும் பிரஷ்ஷைக் கொடுக்கமாட்டார். இந்த வருடமும் அடித்தார். எண்ணை அழிக்கவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. கிறுக்கலை மூடிவிட்டு, அதே இடத்தில் அதே எண்ணை நீல எனாமலில், சுற்றிலும் ஓரக்கோடு போட்டு, அச்சடித்ததுபோல எழுதியிருந்தார். "சர்க்கார் ஆளு வந்து பாக்கையில கோழி கிளறுன மாதிரியா இருக்கும்?" என்றார். சந்தே வந்து பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு கதீஜா சாச்சி தங்கள் வாசலுக்கும் எழுதித் தரச் சொன்னார். நல்லவேளை, பெயின்ட் தீர்ந்துவிட்டது.

அளக்க வந்தவர் தன் போனில் இருந்த சிவப்பு எண்ணின் மாதிரிப் படத்தையும் எங்கள் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "யே ஹமாரா நஹி ஹை" என்றார், இது நாங்கள் போட்டதில்லை என்று. வேறு சந்துகளில் சிலர் தாங்களே எண் எழுதிக்கொண்டு ஏமாற்றியிருந்தார்களாம். எங்கள் வீட்டையும் போலி எண் என்று குறித்துக்கொண்டு, விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று தாத்தாவிடம் கத்தினேன். "கைய வச்சிக்கிட்டு ஒரு நாளு சும்மா இருந்திருக்கக் கூடாதா?" அவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே இருந்தார்.

சந்தில் விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னார்கள். யார் எழுதியது என்று தெரியாது, ஏதோ பிள்ளைகள் விளையாட்டு என்று சொல்லிவிட்டால் போதும், மறுபடி அளந்துவிடுவார்கள். தாத்தா ஒரே ஒரு முறைதான் பேசினார். "நான் எழுதுனத நானே இல்லைங்கவா? அது எனக்கு முடியாது ஏட்டி." அம்மா அழுதாள். நான் அவரோடு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். ஒரு பொய்யில் எங்கள் தலைக்கு மேல் கூரை மிஞ்சும் என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

பதினாறாம் நாள் கழிந்த மறுவாரம் விசாரணை. அம்மாவும் நானும் போனோம். எண்ணை எழுதியது யார் என்று அதிகாரி இந்தியில் கேட்டார். தெரியாது என்றேன். அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். தமிழில் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். தாத்தாவின் கையெழுத்து. எங்களுக்குத் தெரியாமல் தனியாகப் போய்க் கொடுத்திருக்கிறார்.

'வாசல் எண்ணை நான்தான் என் கையால் எழுதினேன். பிள்ளைகளுக்கு இதில் சம்பந்தமில்லை. குற்றம் என்றால் என்னை மட்டும் வெளியே அனுப்பவும். இப்படிக்கு, சுடலைமுத்து, பெயின்டர்.'

நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அம்மா மேசைக்கு அடியில் என் கையை அழுத்தினாள். ஆனால் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே என்னால் முடியவில்லை. உள்ளதை உள்ளபடி இந்தியில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு கோப்பை மூடினார். வீட்டுக்காரரே எழுதிய எண் என்பதால் வீடு தகுதிப் பட்டியலில் வராது என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும். எங்கே போவோம் என்று தெரியாது. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் துக்கத்துக்கு வந்து அவருடைய நேர்மையைப் பேசினீர்கள். எனக்கு அதைக் கேட்க ஆறுதலாக இல்லை. அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அந்தத் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் நான் சொன்ன 'தெரியாது' ஒன்றுதான். அவர் எழுத்தைத் தெரியாது என்று சொன்னவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.