தமிழய்யா ஊதிய விசில்

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிரில் டீச்சராக இருந்தபோது, டெல்லியில் முதன்முதலாக ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்கப்போவதாகப் பத்திரிகையில் படித்தேன். பெண்களும் ஓடுவார்கள் என்று போட்டிருந்தது. தங்குவதற்கு அங்கே அண்ணன் வீடு இருந்தது. ஆனால் வகுப்புகளைப் பார்க்க ஆள் இருந்தால்தான் லீவு என்றார் தலைமையாசிரியை.

யாரும் முன்வரவில்லை. கடைசியில், டிரில் வகுப்பே வீண் என்று என்னோடு ஓயாமல் சண்டை போடும் தமிழய்யா எழுந்தார்.

"போயிட்டு வாங்க டீச்சர். பிள்ளையள நான் பாத்துக்கிடுதேன்."

டெல்லி மைதானத்தில் நம் பெண்கள் ஓடியபோது தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

திரும்பி வந்ததும் மாணவிகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். டிரில் தெரியாத தமிழய்யா, வேட்டியை மடித்துக் கட்டி, விசில் ஊதியபடி தினமும் அவர்களைக் குற்றாலம் ரோட்டில் நடத்திக் கூட்டிப் போனாராம். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாசி வெயில் அது.

நன்றி சொல்லப் போனேன்.

"அத விடுங்க. அங்கன பொம்பளப் பிள்ளையள்லாம் எப்படி ஓடுனாவ? அதச் சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மதியம் முழுக்கச் சொன்னேன். மறுவாரம் தன் மகளை ஓட்டப் பயிற்சிக்கு அவரே கொண்டுவந்து விட்டார்.