தொப்பிக்கு மேல் ஒரு கோடு

வரி கட்டுகிறவனைப் பார்த்து எல்லோரும் "ஐயோ பாவம்" என்பார்கள். வரி வசூலிக்கிறவனைப் பார்த்து நாலு பேராவது பயப்படுவார்கள். வரிச்சட்டம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரைப் பார்த்துப் பாவப்படவும் ஆளில்லை, பயப்படவும் ஆளில்லை. சைகோனில், ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கு மேற்படிப்பாக வரிச்சட்டம் நடத்திய காலம் முழுக்க இதை நான் அனுபவித்தேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை. மற்றவர்கள் வரி கட்டிய எரிச்சலோடு படியுங்கள், அதுவே போதும்.

ஏழாம் அண்ணன்

நான் காரைக்காலில் பிறந்தவன். பிரெஞ்சில் சட்டம் படித்துவிட்டு, கப்பலேறி சைகோன் வந்து, ஒரு சட்டப் பள்ளியில் உதவிப் பேராசிரியர் வேலையில் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம், சொன்னால் எனக்கு மறுபடி ரத்தம் கொதிக்கும். சைகோன்காரர்களுக்கு வெளியூர்க்காரனை உறவுமுறை சொல்லி, அதற்கு எண்ணும் போட்டுக் கூப்பிடுகிற பழக்கம். எந்தச் சீனரானாலும் மூன்றாம் சித்தப்பா. எந்த இந்தியரானாலும் ஏழாம் அண்ணன். என் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. கடல் தாண்டியதும் எனக்கு மேலே ஆறு பேர் முளைத்துவிட்டார்கள்.

முதல் நாள் கறுப்புக் கோட்டு, டை, புதுச் செருப்பு சகிதம் போய் இறங்கினேன். வாசலில் இருந்த வியட்நாமியப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க" என்று கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு லாந்தர், ஒரு சாவிக்கொத்து. பழைய காவல்காரர் தமிழராம், ஊருக்குப் போய்விட்டாராம். அடுத்த தமிழனும் அதே வேலைக்குத்தான் வருவான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். நான் நியமன உத்தரவை நீட்டினேன். காகிதத்தைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார், கோட்டுத் துணியைத் தடவியும் பார்த்தார். கடைசியில் நம்பினார். நம்பிய பிறகும் முகத்தில் மரியாதை வரவில்லை, கவலைதான் வந்தது.

"அப்ப ராத்திரி கேட்டை யாரு பூட்டுறது, ஏழாம் அண்ணே?"

வாழ்நாள் உழைப்பு

வரிச்சட்ட வகுப்பு முசியே மொரேன் என்ற பிரெஞ்சுக்காரருடையது. பாடக் குறிப்பு என்னுடையது. "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்று வாங்கிப் போவார், போனது போனதுதான். நான் ராப்பகலாக எழுதிய வாக்கியங்களை அவர் மேடையில் நின்று கணீரென்று வாசிப்பார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறித்துக்கொண்டிருப்பேன். இப்படிப் பதினோரு வருஷம். என்றாவது ஒரு நாள் அந்த மேடையில் நான் நிற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை. அதைக் கேட்கவும் வாயில்லை. அவர் பாரிஸ் பிரெஞ்சு, நான் காரைக்கால் பிரெஞ்சு. காகிதத்தில்தான் இரண்டும் ஒன்று.

போரில் தோற்று பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். மொரேனும் கப்பல் சீட்டு வாங்கினார். வழியனுப்பு விழாவில், அத்தனை பேர் முன்னால், சிவப்பு நாடா கட்டிய ஒரு தடித்த காகிதக் கட்டை என் கையில் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து நாடாவை அவிழ்த்தால், முதல் பக்கமே என் கையெழுத்து. மூன்றாம் பக்கத்தில் என் மனைவி செசிலி சிந்திய காபிக் கறைகூட அப்படியே இருந்தது. கொடுக்கும்போது அந்த மனிதர் கண் கலங்கிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

"இது என் வாழ்நாள் உழைப்பு, முசியே சவரி. உங்களைத் தவிர வேறு யாரிடமும் ஒப்படைக்க மனம் வரவில்லை."

ஞாயிற்றுக்கிழமை மாணவர்

ஒருவழியாக வகுப்பு என் கைக்கு வந்தது. வியட்நாமிய மொழியில் வாத்தியாரை "தாய்" என்பார்கள். நம் காதுக்கு அது எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். சுருட்டு நாற்றமும் முறுக்கு மீசையுமாக நாற்பது அதிகாரிகள் "தாய், தாய்" என்று கூப்பிடும்போது, ஆரம்பத்தில் எனக்கு யாரையாவது இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முக்கால்வாசிப் பேர் வரி அலுவலகத்துக்காரர்கள். சான்றிதழ் இருந்தால் பதவி உயர்வு, அதற்காக வந்தவர்கள். வகுப்பில் தூங்குவார்கள், ஆனால் மரியாதையாகத் தூங்குவார்கள்.

அவர்களில் குவோய் என்று ஒரு வரி ஆய்வாளர். வகுப்பில் தூங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வந்துவிடுவார். மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. செசிலி போடும் காபியை இரண்டு தடவை வாங்கிக் குடிப்பார். ஒரு வாரம் திங்கட்கிழமை வந்தார், சீருடையில். கூடத்தை நோட்டம் விட்டார். கரும்பலகை, பெஞ்சு, சுண்ணக்கட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இந்த வீட்டுக்கு மாணவர்கள் வந்து போகிறார்கள், ஆகவே இது தனியார் பயிற்சிப் பள்ளி, ஆகவே தொழில் வரி உண்டு என்றார். வந்து போன ஒரே மாணவர் அவர்தான்! காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்பது தொழில் ஆகாது என்று போன மாதம்தானே பாடம் நடத்தினேன், அன்றைக்காவது விழித்திருந்தீர்களா என்று கத்தினேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பணிவாகக் கும்பிட்டார்.

"வகுப்புல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, தாய். ஆனா இது வகுப்பு இல்லையே."

செசிலியின் பள்ளிக்கூடம்

அடுத்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி பாடமெல்லாம் வியட்நாமிய மொழியில்தான். வெளிநாட்டு ஆசிரியர்கள் ஒரு குழுவுக்கு முன்னால் சோதனை உரை நிகழ்த்தித் தேற வேண்டும். அவர்கள் நாடு, அவர்கள் மொழி. அதில் எனக்குக் கோபமில்லை. என்னை "வெளிநாட்டான்" என்றார்களே, எந்த நாட்டான் என்று கேட்கப் போனதில்தான் கோபம். பிரெஞ்சுக்காரர்கள் அலுவலகத்தில் "நீங்கள் காரைக்கால், அது இப்போது இந்தியாவோடு சேர்ந்தாயிற்று, இந்தியர்களிடம் போங்கள்" என்றார்கள். இந்தியர்கள் அலுவலகத்தில் "உங்களிடம் இருப்பது பிரெஞ்சுக் காகிதம்" என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை போனால் சைகோனில் குடியிருக்கும் அட்டை போகும். அட்டை போனால் கப்பல். எந்தத் துறைமுகத்துக்கு என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அட்டையைவிட, பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த அந்த மேடையை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு வியட்நாமிய மொழி படிக்க வரும், பேச வராது. செசிலிக்குப் படிக்க வராது, பேச்சு அருவி மாதிரி வரும். 'பென்-தான்' என்கிற பெரிய சந்தையில் மீன்காரிகளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டது. அவளே எனக்கு வாத்தியார் ஆனாள். அந்த மொழியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். எழுத்தின் தலையில் தொப்பி வைப்பார்கள்; சிலதற்குத் தொப்பிக்கு மேலே ஒரு சின்னக் கோடும் போடுவார்கள். வரிக்கு "துவே" என்று பெயர்: தொப்பி உண்டு, கோடும் உண்டு, குரலை மேலே தூக்கிச் சொல்ல வேண்டும். கோடு இல்லாமல் தட்டையாகச் சொன்னால் அது வாடகை. நான் வாயைத் திறந்தால் வாடகைதான் வந்தது. மூன்று மாதம் கீரை ஆய்ந்துகொண்டே அவள் கேட்பாள், நான் சொல்வேன், "மறுபடியும் வாடகை" என்று தலையில் அடித்துக்கொள்வாள். கடைசியில் அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"மீன் வெலயக் கேட்டதும் 'என்னாது!'ன்னு வயிறெரிஞ்சு கேப்போமில்ல, அப்புடித் தூக்கிச் சொல்லுங்க. வயிறு எரிஞ்சாத்தாங்க அது வரி."

சோதனை உரை

குழுவில் மூன்று பேர். முதல்வர் லொக், மொழியைச் சோதிக்க ஒரு வயதான இலக்கணப் புலவர், நடப்பதை எழுதிக்கொள்ள ஒரு எழுத்தர். நான் வயிறெரிந்து தொடங்கினேன். கோடு அழகாக விழுந்தது. புலவர் மட்டும் அடிக்கடி வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகுதான் காரணம் தெரிந்தது. செசிலி எந்த வாக்கியத்தையும் "ஙென்" என்று முடிப்பாள். அதுதான் இலக்கணம் என்று நானும் முடித்துக்கொண்டிருந்தேன். அது மீன்காரி "சரியா, கண்ணு?" என்று குழைகிற சொல்லாம். அரிச்சுவடியில் படித்த ங எழுத்து நாற்பது வயதில் பயன்படுகிறதே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். அதையாவது மன்னித்திருப்பார்கள்.

பத்து நிமிஷம் ஆனதும் தெருவில் ராணுவ லாரிகள் வரத் தொடங்கின. ஒன்று இரண்டல்ல, வரிசையாக. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "உரக்க, உரக்க" என்று முதல்வர் கையைக் காட்டினார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கத்துகிற குரலில் கோட்டை எங்கே தூக்கிவைப்பது? எல்லாம் தட்டையாகவே விழுந்தன. "நியாயமான வரி எது, யாரைக் கேட்டு ஏற்றுகிறார்கள், ஏற்றினால் எதிர்த்துக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு, ஙென்!" என்று நான் முழங்க, அத்தனையும் வாடகையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வடக்கிலிருந்து அகதிகள் வந்து குவிந்ததில் நகரத்தில் வாடகை கன்னாபின்னாவென்று ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் வரிச்சட்டம் அவரை உருக்கிவிட்டதாக நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து உத்தரவு வந்தது. நான் தேறிவிட்டேன். எனக்கு வாடகைச் சட்ட வகுப்பு. வரிச்சட்ட மேற்படிப்பு வகுப்பு குவோய்க்கு! முதல்வர் அறைக்கு ஓடினேன். நான் பேசியது வரி என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த மனிதரோடு ஐந்து வருஷமாகத் தினம் பிரெஞ்சில் வரியைத் தவிர வேறெதுவும் நான் பேசியதில்லை. நான் கட்டிய வரியில் ஓடுகிற லாரி ஐயா, என் வரியையே வாடகையாக்கிவிட்டது என்று மேசையைக் குத்தினேன். அவர் குறிப்பேட்டைத் திருப்பி, எழுத்தர் எழுதிய சொல்லை விரலால் காட்டினார். தொப்பி இருந்தது. கோடு இல்லை.

"குறிப்பில ஏறிடுச்சே, தாய். வாடகையப் பத்தி இவ்வளவு உருக்கமா யாரும் பேசினதில்லைன்னு எழுத்தர் இன்னும் சொல்லிக்கிட்டிருக்காரு."

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை

வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தின நாள், சாதாரணச் சட்டையில் குவோய் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். செசிலி காபி போட மாட்டேன் என்று அடுப்படியிலிருந்தே சத்தமாகச் சொன்னாள், நல்லவேளை, தமிழில். பெஞ்சில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பாவம், பயந்துபோயிருந்தார். எனக்கா பாவம் பார்க்கத் தோன்றும்? "இப்ப யாரா வந்திருக்கீங்க? மாணவரா, வரி அதிகாரியா?" என்று கேட்டேன். "சக ஆசிரியரா, தாய்" என்றார். சக ஆசிரியர் வந்து போனால் தொழில் வரி இல்லை. அதையும் யோசித்துத்தான் வந்திருக்கிறார்.

அலமாரியில் சிவப்பு நாடா கட்டிய கட்டு இருந்தது. வெள்ளைக்காரரிடமிருந்து ஒருமுறை திரும்பி வந்த என் எழுத்து. எடுத்து அடுப்பில் போடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாழாய்ப்போன வாத்தியார் புத்தி. நாளைக்கு நாற்பது பேர் இவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே என்று மனசு கேட்கவில்லை. மேசையில் வைத்தேன். அவர் நாடாவை அவிழ்த்து, காபிக் கறை வரை புரட்டிவிட்டு, ஒன்றும் புரியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு எதிலேருந்து ஆரம்பிக்கணும், தாய்?"

பதினோரு வருஷம் காத்திருந்து கைக்கு வந்த வரிச்சட்டத்தை ஒரு சின்னக் கோட்டைத் தூக்கி வைக்கத் தெரியாமல் தொலைத்த நான், வரியை மட்டும் இன்றுவரை கோடு தவறாமல் கட்டிக்கொண்டு வருகிறேன்.