ஊசி போட்ட இடம்

ஜப்பானில் பெப்பு ஊர் வெந்நீர்ப் பொதுக் குளியல் கூடத்தின் வாசலில் உட்கார்ந்து காசு வாங்கும் மிசாவோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு மார்பை எடுத்தும் புற்றுநோய் விடவில்லை. ஈரலிலும் முதுகெலும்பிலும் போய் உட்கார்ந்துகொண்டது. மருந்து ஏற்றி ஏற்றி விரல் நுனிகள் மரத்துவிட்டன. மனசும் அப்படித்தான். அழுகைகூட வருவதில்லை.

கடைசியாக ஒரு ஆஸ்பத்திரியில் சோதனை மருந்துக்கு இடம் கிடைத்தது. பெப்டைடு ஊசி. புற்றணுவின் புரதத்தில் ஒரு துணுக்கைச் செய்து தொடையில் போடுவார்கள். அதை வைத்து உடம்பு எதிரியை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஆறு ஊசி. உடம்பு பதில் காட்டினால் தொடர்வார்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். வேறு வழி எதுவும் பாக்கியில்லை.

“போட்ட இடம் சிவந்தா, தடிச்சா சொல்லுங்கம்மா,” என்றாள் நர்ஸ் ஹிரோசே.

சிவந்தது. தடித்தது. மிசாவோ சொன்னாளா? நல்ல ஆளைப் பார்த்தீர்கள்! இடம் கொடுத்தவர்களிடம் போய் அரிக்கிறது, வலிக்கிறது என்று புலம்புவதா? போதாததற்குக் கூடத்தில் எல்லாரும் அம்மணமாக ஒரே தொட்டியில் இறங்குகிறவர்கள். அவள் தொடையைப் பார்த்து யாராவது தயங்கினால் கூடத்துக்குத்தான் கெட்ட பெயர். எப்போதோ தோல் அரிப்புக்கு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை எடுத்துக் காலையும் மாலையும் தேய்த்தாள். சிவப்பு அடங்கியது. ஆஸ்பத்திரி கொடுத்த நோட்டில் தினமும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினாள்.

ஆறு ஊசியும் முடிந்து இரண்டு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

“ஒருநாள்கூடச் சிவக்கலையாம்மா?”

“உங்க புண்ணியத்துல ஒண்ணுமில்லீங்க டாக்டர்.”

“அதுதாம்மா கவலை. சிவந்தாதான் உடம்பு கண்டுக்கிச்சுன்னு நாங்க சந்தோஷப்படுவோம். ரத்தத்துலயும் ஒண்ணும் தெரியலை.” நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “களிம்பு எதாவது தடவினீங்களா?”

ஆமாம் என்றால் இவ்வளவு பேர் உழைப்பும் பாழ் என்று ஆகிவிடும். சரியாகப் பார்க்கவில்லை என்று நர்ஸ் தலையும் உருளும்.

“இல்லீங்க.”

“அப்ப இதோட நிறுத்திக்கலாம். எங்களால முடியலை, மன்னிச்சுக்கோங்க.” அவர் தலை குனிந்தார். அவள் அதைவிடத் தாழக் குனிந்தாள்.

அதற்குமேல் களிம்புக்கு வேலை இல்லை. நாலாம் நாள் சாயங்காலம், கூடம் கழுவும் தோயோவோடு தொட்டியில் இறங்கினாள்.

“ஏண்டி, தொடையில என்னது? உப்புல ஊறின பிளம்பழம் மாதிரி செவசெவன்னு இருக்கு!”

மிசாவோ குனிந்து பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நம்பர் நோட்டின் அட்டையிலேயே இருக்கிறது.

“ஒண்ணுமில்லக்கா,” என்றாள், கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே.