பங்கு லென்ஸ்

என் அப்பாவுக்கு இடது காது பாதிதான். மீதியைப் பங்காளி ஒருவர் மண்வெட்டியால் எடுத்துவிட்டார். எங்களுடையது பங்குக் கிணறு. அப்பா தண்ணீர் இறைக்க வேண்டிய முறையில் பங்காளி மோட்டாரைப் போட்டார், அப்பா போய் ஃபியூஸைப் பிடுங்கினார். அவ்வளவுதான் காரணம். ரத்தம் வாய்க்கால் தண்ணீரோடு மஞ்சள் பாத்திக்குப் போனதாகச் சொல்வார்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் முறைத் தண்ணீருக்காக விரலோ முன்பல்லோ இழந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தும், நானும் என் சகலையும் லென்ஸ்களைக் கிணற்று முறையில்தான் பங்கு வைத்துக்கொண்டோம். ஒரு பொருளை இரண்டு பேர் வைத்துக்கொள்ள வேறு வழி எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். நான் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறேன், பம்பு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அவர் பல்லடத்தில் விசைத்தறிகள் ஓடும் குடோன் வைத்திருந்தார். ஒரே சமயத்தில் இருவருக்கும் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராமேல் ஆசை வந்தது. ஆளுக்கொரு பழைய கேமரா வாங்கினோம். இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரமாக ஒரு சிறிய ஜன்னல் இருக்கும். அதன் நடுவில் பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி, இரண்டு உருவமும் ஒன்றாகும்போது படம் தெளிவாக விழும். ஜூம் கிடையாது. பெரிதாக வேண்டுமென்றால் நடந்து கிட்டே போக வேண்டும்.

லென்ஸ்களை மட்டும் சேர்ந்து வாங்கினோம். இருபத்தெட்டு, முப்பத்தைந்து, ஐம்பது, தொண்ணூறு மில்லிமீட்டர் என்று நான்கு. எண் குறையக் குறையப் படத்தில் அகலமாக விழும். எதையும் நான் சோதிக்காமல் எடுக்கவில்லை. சுவரில் செய்தித்தாளை ஒட்டி, எழுத்துகளை எடுத்துப் பார்ப்பேன். முப்பத்தைந்தில் மட்டும் மூன்றைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றில் உள்ளே பூஞ்சை. ஒன்றில் வளையம் லொடலொடத்தது. இன்னொன்று கண்ணுக்கு வைத்தால் மூக்கைத் தெளிவாக எடுத்தது. நான்காவதுதான் நின்றது.

அது நின்றபின் மற்ற மூன்றும் பேருக்குத்தான். தொண்ணூறு தூரத்து ஆளுக்கு. ஐம்பது முகத்துக்கு. இருபத்தெட்டு எங்கள் இருவருக்குமே ஆகவில்லை. படம் எதுவரை விழும் என்று காட்டும் அதன் எல்லைக்கோடு ஜன்னலின் விளிம்போடு ஒட்டியிருப்பதால் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள், தெருவில், கூட்டத்தில் எடுக்க முப்பத்தைந்துதான். அமாவாசைக்கு அமாவாசை மாமனார் வீட்டில் கூடும்போது மாற்றிக்கொள்வோம். முப்பத்தைந்தும் தொண்ணூறும் ஒருவருக்கு, மற்ற இரண்டும் இன்னொருவருக்கு.

ஒருமுறை அவர் திருப்பித் தந்த முப்பத்தைந்தின் பின்கண்ணாடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பேச்சு முற்றி அவரைச் சுவரில் தள்ளினேன். அவர் என் சட்டையைப் பிடித்ததில் இரண்டு பித்தான்கள் தெறித்துச் சாம்பாரில் விழுந்தன. "ரெண்டும் பசங்களாட்ட அடிச்சுக்குதுங்க, போய்ப் பிரிச்சு உடு" என்று என் மனைவி தங்கையிடம் சொன்னாள். "நீ போ, உன்ற ஊட்டுக்காரருதானே மொதல்ல தள்ளுனாரு" என்றாள் தங்கை. யாரும் வரவில்லை. நாங்களே பிரிந்து வந்து சாப்பிட்டோம்.

போன வருடம் அவர் தறிகளைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டு, நூலைக் குறுக்கே ஓட்டும் நாடா இல்லாத புதுத் தறிகளை இறக்க முடிவுசெய்தார். இருபது வயதிலிருந்து அந்தத் தறிகளோடு நின்றவர். தேர், சந்தை, கோழிப்பண்ணை என்று கண்டதையெல்லாம் படம் எடுத்தவர், சொந்தத் தறியை ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டார். உடைக்கிற நாளுக்கு முந்தின நாள் போன் வந்தது.

"சகலை, நாளைக்குத் தறிய ஒடைக்க வாராங்க. முப்பத்தஞ்சக் குடுத்து உடுங்க."

"அமாவாசை வரைக்கும் என்ற முறைங்க."

"தெரியுமுங்க. ஒரு நாளுக்குத்தானுங்க கேக்கறேன்."

"அம்பது இருக்குதில்லீங்க?"

"தறிக்கு நடுவால அம்பத வெச்சுட்டு என்னத்தைங்க எடுக்கறது? பாதித் தறிதான் வருது. இருவத்தெட்டுல நமக்குக் கோடே தெரியாது. செவுத்துக்குள்ள பூந்து நிக்கட்டுங்களா?"

"நானே வந்து எடுத்துத் தாரேனுங்க."

"என்ற தறிய நீங்க எதுக்குங்க எடுக்கறீங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

முறை என்னுடையது. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் காலையில் முப்பத்தைந்தோடு நான் போய்ச் சேர்ந்தபோது எட்டுத் தறிகளில் ஆறு குவியலாகிவிட்டன. வார்ப்பிரும்பு வளையாது. தாங்கும் வரை தாங்கும், பிறகு ஒரேயடியாகப் பிளக்கும். இரண்டு ஆட்கள் மாற்றி மாற்றிச் சம்மட்டியை இறக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் தகரக் கூரை அதிர்ந்து, பல வருடப் பஞ்சுத்தூசி தலையில் கொட்டியது. பழைய இரும்பு எடுக்கும் கோயமுத்தூர் பாய் வாசலில் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். சகலை ஐம்பதை மாட்டிக்கொண்டு, முதுகு சுவரில் உரச நின்றிருந்தார்.

நான் முப்பத்தைந்தைத் தூக்கி ஒரு படம் எடுத்தேன்.

"எடுக்காதீங்க."

"உங்களுக்கும் சேத்தித்தானுங்க எடுக்கறேன்."

"எடுக்காதீங்கன்னு சொல்றனில்லீங்க."

இன்னொன்று எடுத்தேன். உடைந்த இரும்பைத் தாண்டி வந்தார். முதல் குத்து என் வாயில் விழுந்தது. கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. "குடுங்க, குடுங்க" என்று மரியாதையாகவே சொல்லிக்கொண்டு இரண்டாவதைக் காதோரம் இறக்கினார். நான் முழங்கையை அவர் விலாவில் ஏற்றினேன். கேமரா வாரை என் கழுத்தில் சுற்றி முறுக்கினார். மூச்சு நின்றது. தலைமுடியைப் பிடித்து அவர் நெற்றியைத் தறிச் சட்டத்தில் மோதினேன். இருவரும் எண்ணெயும் பஞ்சுமாகக் கிடந்த தரையில் விழுந்தோம்.

"கொன்னுபோடுவேன்டா" என்றார். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னை 'டா' போட்டது அப்போதுதான்.

பாய் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "ஏனுங்க, ரெண்டு பேரும் வெளிய வந்து அடிச்சுக்கிட்டாத் தேவலைங்க. உள்ள சம்மட்டி சுத்துது. மண்டை ஒடஞ்சா அதை நான் எடைக்கு எடுக்க முடியாதுங்க."

சம்மட்டி ஆட்கள் சிரித்தார்கள். அடியை நிறுத்தவில்லை.

என் மார்மேல் முழங்காலை ஊன்றி, லென்ஸைக் கழற்றும் பொத்தானை அழுத்தி, கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் முப்பத்தைந்தைத் திருகி எடுத்தார். நான் அவர் மணிக்கட்டில் அடித்தேன். லென்ஸ் பறந்து இரும்புக் குவியலில் மோதியது.

அந்தச் சின்னச் சத்தம் சம்மட்டியையும் மீறிக் கேட்டது. இருவர் கையும் விட்டுவிட்டது.

அவர் எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். சோதிக்கிற வேலை எப்போதும் என்னுடையது. கண்ணாடி முழுசாக இருந்தது. ஆனால் விளிம்பு நசுங்கி, தூரத்தை வைக்கும் வளையம் இறுகிவிட்டது. வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சுருக்கும் வளையமும் அசையவில்லை. முழுத் திறப்பில் நின்றது.

"மூணேகால் அடிக்கு நின்னுபோச்சுங்க" என்றேன். பேசியபோது சட்டையில் ரத்தம் சொட்டியது.

"மூணேகால்ல நின்னாப் படம் வருங்களா?"

"வருமுங்க. நாலு வெரக்கட முன்னப் பின்னப் போனாக் கலங்கிப் போகும்."

ஏழாவது தறியும் அதற்குள் சாய்ந்திருந்தது. ஒன்றுதான் மிச்சம்.

"அப்ப மூணேகால்லயே நிக்கறேனுங்க" என்று ஐம்பதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, தன் கேமராவில் முப்பத்தைந்தை மாட்டினார்.

சம்மட்டி சுழல்கிற வட்டம் மூன்றேகால் அடியைவிடப் பெரியது. "தள்ளி நில்லுங்க மொதலாளி" என்றான் சம்மட்டிக்காரன். அவர் காதில் வாங்கவில்லை. வளையம் திரும்பாததால், ஜன்னலில் இரண்டு உருவமும் ஒன்று சேரும் வரை உடம்பையே முன்னும் பின்னும் நகர்த்தினார். நான் பின்னால் போய் ஒரு கையால் அவர் பெல்ட்டையும் மறுகையால் காலரையும் பிடித்தேன். சம்மட்டி மேலே போகும்போது விட்டேன், இறங்கும்போது இழுத்தேன்.

"இழுக்காதீங்க. ஆடுது."

"மண்டை போயிருமுங்க."

"இழுக்காதீங்கன்னா!"

அடுத்த அடியில் தெறித்த சில்லு அவர் புருவத்தைக் கிழித்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் விரிசல் விட்டது. கண்ணில் இறங்கிய ரத்தத்தை என் சட்டைக் கையிலேயே துடைத்துவிட்டு, மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்தார். என் உதட்டு ரத்தம் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

அதற்கடுத்த அடியில் பக்கச் சட்டம் மேலிருந்து கீழ்வரை பிளந்து எங்கள் பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். மல்லாக்க விழுந்தேன், என்மேல் அவர் விழுந்தார். சட்டம் அவர் நின்ற இடத்தில் விழுந்து சிமென்ட் தரையைப் பெயர்த்தது. கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"வந்துதுங்களா?" என்றேன்.

என்மேல் கிடந்தபடியே பின்திரையை நெருங்கிப் பார்த்தார். சட்டத்தின் பிளவும் அதன் ஓரத்தில் தொங்கிய நூலும் தெளிவாக இருந்தன. அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கலங்கல்.

"வந்துதுங்க. இன்னொரு பக்கச் சட்டம் நிக்குது, எந்திரிங்க."

சம்மட்டி மேலே போயிற்று. நான் அவர் பெல்ட்டைப் பிடித்தேன்.