பினாயில் ஊற்றாதீர்கள், தாயே!

சிலர் மாடு வளர்ப்பார்கள், சிலர் கோழி வளர்ப்பார்கள். எங்கள் தொழிலில் வளர்ப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை, அதுவும் கக்கூஸ் தண்ணீரில். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "தயவுசெய்து இப்படிச் செய்யாதீங்க" என்று கும்பிடுகிற வேலை பார்த்தவர் யாராக இருந்தாலும் என் கட்சிதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பில் கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. முதலாளி வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்து ஆசையாகக் கட்டிய தொட்டி. பதினாறு வீட்டுக் கழிவும் அதில் வந்து விழும். ஒரு மோட்டார் நாள் முழுக்க, தொட்டியின் அடியில் இருக்கும் குழாய்கள் வழியாகக் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். காற்று கிடைத்தால் நல்ல கிருமிகள் பெருகி அழுக்கைத் தின்றுவிடும். தெளிந்த தண்ணீர் தென்னைக்குப் போகும். தொட்டி ஆரோக்கியமாக இருந்தால் மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். முதலில் நானும் நம்பவில்லை.

மேலே நிற்கும் உத்தியோகம்

எனக்குத் துணையாக ஏழுமலையைப் போட்டிருந்தார்கள். அதுவரை குடியிருப்பின் பழைய செப்டிக் டேங்கில் இறங்கி வாளியால் அள்ளிக்கொண்டிருந்தவர். என்னைவிடப் பெரியவர், அதனால் நான் அண்ணே என்பேன். மற்றவர்களுக்கு அவர் வெறும் "ஏய்".

கிருமிக்கு விதை வேண்டும் என்று முதல் நாள் இரண்டு பேரும் சாணியைக் கரைத்து ஊற்றினோம். கரைத்துக்கொண்டே, "இதுல யாரும் எறங்க வேணாம்ணே. மோட்டாரைப் போடணும், மேல நின்னு பாக்கணும், அவ்ளோதான்" என்றேன். அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதிதாகக் கொடுத்த காக்கிச் சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மேல நின்னு பாக்கறதுக்குச் சம்பளமா சார்? வூட்ல சொன்னா, நான் குடிச்சிட்டு வந்திருக்கேன்னு சொல்லுவா என் பொண்டாட்டி."

உறுமல்

மோட்டாருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கணக்காளர் இருந்தார். கைக்குழந்தைக்காரர். "ராப்பகலா ஒரே உறுமல், பேஜாரா இருக்குபா" என்று தினம் சண்டைக்கு வருவார். கோணியைச் சுற்றினேன், ரப்பர் வைத்தேன், கும்பிட்டும் பார்த்தேன். சமாதானமே ஆகவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. குடியிருப்பே அமைதியானது. கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி, வீறிட்டு அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அந்தச் சத்தம் இல்லாமல் அது தூங்காதாம். கரண்ட் எப்போது வரும் என்று எனக்கு என்ன தெரியும்? கையை விரித்தேன். அந்தம்மா விடவில்லை: "அதுவரைக்கும் நீங்களாவது வந்து கொஞ்சம் உறுமுங்கண்ணா."

ஆம்பூர் மூக்கு

ஒரு மாதம் தொட்டி ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் நாற ஆரம்பித்தது. வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே கூட்டம் கூடியிருக்கும். எங்கள் ஊரில் நாற்றம் வந்தால் காற்று தோல் ஷெட் பக்கமிருந்து அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். ஒருத்தரும் புகார் சொல்லவில்லை. நானும் இரண்டு நாள் தோல் மேலேயே பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

தொட்டியைத் திறந்தால் தண்ணீர் கறுத்துப் போயிருந்தது. பாதி இடத்தில் குமிழியே இல்லை. மேலே பினாயில் வாடை. கிருமிகள் செத்துக்கொண்டிருந்தன. அவை செத்தால் அழுக்கு அடியில் படிந்து குழாயின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் ஆள் உள்ளே இறங்கித்தான் குத்திவிட வேண்டும். மானேஜரிடம் போய்ச் சொன்னேன். சனிக்கிழமை வரை பார்ப்போம், சரியாகாவிட்டால் ஏழுமலையை இறக்கு என்றார். அந்த ஆளைத் திரும்ப இறக்குவதா என்று நான் தயங்கினேன். மானேஜர் கோபக்காரர் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்: "எத்தனை வருஷமா எறங்கினவன், அவனுக்கு இன்னாபா புதுசா?"

வெளியே வந்து ஏழுமலை அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி சார்" என்றார். அந்த "சரி" என்னை அன்றைக்குச் சாப்பிட விடவில்லை.

கதவு தட்டிய படலம்

பினாயில் ஊற்றாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். ஒரு வாத்தியார், "கிருமியைக் கொல்லணும்னு நான் பாடம் நடத்தறேன், நீ வளக்கணும்ங்கறியா?" என்று சிரித்தார். எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே பதில்தான்: வாந்தி பேதி வருகிற காலம் என்று எஸ்தர் சிஸ்டர் ஊற்றச் சொன்னார்கள்.

எஸ்தர் சிஸ்டர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் குடியிருப்பில் சூரியன்கூட ஒரு ஓரமாக நிற்கும். தினம் காலையில் அவர் வீட்டிலிருந்து மட்டும் ஒரு பாட்டில் பினாயில் தொட்டிக்கு வந்துகொண்டிருந்தது. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும், "வாந்தி பேதியில எத்தனை பிள்ளைங்களை இந்தக் கையால தூக்கிக் குடுத்திருக்கேன் தெரியுமா?" என்றார். அந்தம்மாவின் பயம் பொய்யில்லை. எனக்கு விஞ்ஞானமெல்லாம் மறந்துபோனது. "சிஸ்டர், சனிக்கிழமை ஏழுமலையை உள்ள எறக்கச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். வாசலுக்கு வெளியே நின்றிருந்த ஏழுமலையை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: முன்பு ஒருமுறை ஏதோ ஒரு செப்டிக் டேங்கில் இறங்கிய இரண்டு பேரை அவர் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். ஆக்சிஜன் வைத்துப் பார்த்தார்களாம். ஒருவருக்கும் மூச்சு திரும்பவில்லையாம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்: "இன்னிலேர்ந்து என் வீட்ல வெறும் கொதிக்கிற தண்ணிதான். மத்த வீடுங்களை நான் பாத்துக்கறேன், நீ போய் உன் தொட்டியப் பாரு."

சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுப் பினாயில் பாட்டிலும் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. வாத்தியார் வீட்டு பாட்டிலும்தான்.

சனிக்கிழமை

மறுபடி சாணி, மறுபடி காற்று. நானும் அண்ணனும் தொட்டியோரத்திலேயே கிடந்தோம். வெள்ளிக்கிழமை கறுப்பு கொஞ்சம் தெளிந்தது, ஆனாலும் நாற்றம் இருந்தது. எனக்கு நம்பிக்கை பாதிதான்.

சனிக்கிழமை காலை அண்ணன் காக்கிச் சட்டை இல்லாமல், ஒரு பழைய துண்டோடு வந்தார். கூட அவர் மனைவி குப்பம்மா, தோளில் கயிறு. அவர் இறங்கும்போதெல்லாம் மேலே கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது குப்பம்மாதானாம்; வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாராம். இத்தனை நாள் கூடவே இருந்தும் இது எனக்குத் தெரியாது.

மானேஜர் வந்தார். மூடியைத் திறந்தேன். தொட்டி முழுக்கக் குமிழி கொப்பளித்துக்கொண்டிருந்தது. மானேஜர் குனிந்து மோந்தார், இன்னொரு முறை மோந்தார். "மண்ணு வாசனைதான்பா வருது" என்று மூடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

குப்பம்மா மட்டும் அழவில்லை. "இனிமே எப்பவும் எறங்க வேணாமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. துணி காயப் போட்டுக்கறேன்."

ஒரு மனுஷனைக் குழிக்குள் இறக்க மானேஜருக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இறக்காமல் இருக்கத்தான் ஒரு மோட்டார், பதினாறு வீடு, நாலு கூடை சாணி, ஒரு எஸ்தர் சிஸ்டர் என்று இத்தனை பேர் தேவைப்பட்டோம்.